கண்ணுக்குத் தெரியாத கசிவும் கணக்கில் தெரியும் இழப்பும்

மாதந்தோறும் மின்மானி வாசிப்பவர் விட்டுச் செல்லும் கட்டணப் பட்டியல், இன்று எந்தவொரு நடுத்தரக் குடும்பத்திலும் ஒரு சிறு விசாரணைக்குக் காரணமாகி விடுகின்றது. மின்விசிறியை நிறுத்தாமல் சென்றவர் யார், இரவு நெடுநேரம் தொலைக்காட்சி பார்த்தவர் யார் என்ற கேள்விகள் எழுகின்றன. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீடித்த மின்வெட்டை அனுபவித்த மக்கள், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கட்டணம் உயர்ந்ததைக் கண்டார்கள். அதன் பின்னர் கட்டணம் பல தடவைகள் குறைக்கப்பட்டதும், 2025 ஜூனில் மீண்டும் 15 வீதத்தால் உயர்த்தப்பட்டதும் யாவரும் அறிந்ததே.

கட்டணம் நியாயமானதா என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டியதே. அக்கேள்வியை இப்பக்கத்தில் பல தடவைகள் எழுப்பியிருக்கின்றோம். ஆனால் இன்னொரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. நாம் பணம் செலுத்தும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் எமக்குப் பயன்பட்டது? எவ்வளவு எமது கண்ணுக்குப் படாமல் சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் கதவிடுக்கிலும் கசிந்து போனது? ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பவர் கிணற்றின் தூரத்தைப் பற்றி மட்டுமே முறைப்பட்டுக் கொண்டிருந்தால், குடம் நிறையப் போவதில்லை.

இந்தக் கேள்வியை ஆழமாக ஆராய்ந்த நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கு வீடுகளின் காற்றுக்குழாய்க் கசிவு பற்றி நடைபெற்ற ஆய்வுகள் ஒரு பெரிய பாடத்தைத் தருகின்றன. அக்குழாய்கள் எமது வீடுகளில் இல்லை. எனினும் அப்பாடம் எமக்கு அந்நியமானதல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய எமது உறவினர்களில் பெரும்பாலோர் அத்தகைய வீடுகளிலேயே வாழ்கின்றனர். இங்கும் பெரிய ஹோட்டல்கள், தனியார் மருத்துவமனைகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் கூரைக்குள் அதே குழாய்கள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கசிவைக் கண்டறியும் முறை எந்த வீட்டுக்கும் பொருந்தக் கூடியதாகும்.

குளிர்ந்த அறையும் பெரிய உலையும்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு குளிர்காலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் உறவினர் ஒருவருடைய வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். மேல்மாடியில் பிள்ளைகளின் படுக்கையறை எந்நேரமும் குளிர்ந்து கிடந்தது. நிலக்கீழ்த் தளத்திலோ மேற்சட்டை அணிந்திருக்க முடியாத அளவுக்கு வெப்பம். வீட்டை வெப்பமாக்கும் எரிவாயு உலை போதாது என்றும், அதைவிடப் பெரியதொன்றைப் பொருத்த வேண்டும் என்றும் ஒருவர் வந்து கூறிச் சென்றார். அதன் விலை பல ஆயிரம் டொலர். உறவினர் வங்கிக் கடன் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அதற்கிடையில் அயலவரின் ஆலோசனைப்படி வீட்டின் சக்திப் பாவனையைப் பரிசோதிக்கும் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் ஒரு மின்விசிறியையும் சில மானிகளையும் கொண்டு வந்து இரண்டு மணிநேரம் அளந்தார். மேல்மாடிக்குச் செல்லும் தகரக் குழாய், நிலக்கீழ்த் தளத்தின் கூரைப் பலகைகளுக்கு மேலே ஒரு மூட்டில் கழன்று கிடந்தது. பிள்ளைகளின் அறைக்குச் செல்ல வேண்டிய வெப்பக் காற்றில் பெரும் பகுதி எவரும் உறங்காத நிலக்கீழ்த் தளத்தில் கொட்டிக் கொண்டிருந்தது. உலையில் குறை எதுவுமில்லை. மூட்டைப் பொருத்தி அடைப்புப் பசை பூசுவதற்கு அரை நாள் போதுமானதாயிருந்தது. அன்றிரவு பிள்ளைகள் மேலதிகப் போர்வையின்றி உறங்கினார்கள். புதிய உலையை வாங்கியிருந்தால், அந்த வெப்பமும் அதே மூட்டிலேயே கொட்டுப்பட்டிருக்கும்.

காற்றுக்குழாய் என்பது என்ன?

வட அமெரிக்க வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி வளிச்சீராக்கி பொருத்தும் வழக்கம் குறைவு. ஓரிடத்தில் உலையும் குளிரூட்டும் இயந்திரமும் ஒரு பெரிய விசிறியும் இருக்கும். விசிறி தள்ளும் காற்று வெப்பமாக்கப்பட்டோ குளிராக்கப்பட்டோ குழாய்களின் வழியே அறைகளைச் சென்றடையும். அறைகளிலிருந்து காற்றைத் திரும்பக் கொண்டுவரும் குழாய்களும் உண்டு. முன்னையவற்றை வழங்கு குழாய்கள் என்றும் பின்னையவற்றை மீள் குழாய்கள் என்றும் கூறலாம். மனித உடலின் நாடிகளையும் நாளங்களையும் இவற்றுக்கு ஒப்பிடுவது தவறாகாது.

இக்குழாய்கள் தகரத்தினாலும், கம்பிச் சுருளின் மீது பிளாஸ்டிக் உறை போர்த்திய நெகிழ்குழாயினாலும் அமைக்கப்படுகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் ஒரு வீட்டில் இருக்கக் கூடும். அவை கூரைக்குக் கீழுள்ள பரணிலும் தரைக்கடியிலும் மறைந்திருப்பதால், கட்டியவர் விட்ட குறையை வீட்டுக்காரர் ஒருபோதும் காண்பதில்லை. சாதாரண அமெரிக்க வீடொன்றில் குழாய்களின் வழியே செல்லும் காற்றில் 20 முதல் 30 வீதம் வரை கசிவுகளினாலும் சரியாகப் பொருத்தப்படாத மூட்டுகளினாலும் இழக்கப்படுவதாக அந்நாட்டு அரசின் சக்திச் சேமிப்புத் திட்டம் குறிப்பிடுகின்றது. நீர்க்குழாயில் நான்கில் ஒரு பங்கு நீர் ஒழுகினால் வீடு வெள்ளமாகிவிடும். காற்று ஒழுகினால் பட்டியல் மட்டுமே உயரும்.

இந்த இழப்பு கசிந்த காற்றோடு முடிந்து விடுவதில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியதாகும். வழங்கு குழாயிலிருந்து பரணுக்குள் குளிர் காற்று வெளியேறினால், அதே அளவு காற்று வீட்டிற்குள் குறைகின்றது. அக்குறையை நிரப்ப வெளியிலுள்ள வெப்பமும் ஈரப்பதனும் நிறைந்த காற்று கதவிடுக்குகளினூடாக உள்ளே இழுக்கப்படுகின்றது. ஆகவே ஒரு கசிவு இரு முறை செலவு வைக்கின்றது.

மீள் குழாயில் கசிவு ஏற்பட்டாலோ நிலைமை இன்னும் மோசமாகும். வெப்ப வலயத்து வீடொன்றின் பரணில் கோடை நண்பகலில் வெப்பநிலை 50 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. அறையிலிருந்து 25 பாகையில் திரும்பி வரும் காற்றில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அந்தப் பரணிலிருந்து உறிஞ்சப்படுவதாகக் கொள்வோம். கலந்த காற்றின் வெப்பநிலை 27.5 பாகையாகிவிடும். குளிரூட்டும் இயந்திரம் தன்னைக் கடந்து செல்லும் காற்றை ஏறத்தாழ 10 பாகை அளவே குளிர்விக்கும். அதில் 2.5 பாகை, அதாவது கால் பங்கு, பரணின் வெப்பத்தை நீக்குவதற்கே செலவாகி விடுகின்றது. பத்து வீதக் கசிவு இருபத்தைந்து வீத இழப்பாக மாறும் விந்தை இதுவேயாகும்.

பண இழப்பைவிடப் பாரதூரமான ஓர் அபாயமும் உண்டு. எரிவாயு நீர்கொதிகலன் அல்லது உலை இருக்கும் சிறிய அறையில் மீள் குழாய் காற்றை உறிஞ்சுமாயின், அவ்வறையின் அமுக்கம் குறையும். அப்போது புகைபோக்கி வழியே மேலேறிச் செல்ல வேண்டிய நச்சு வாயு கீழ்நோக்கி வீட்டிற்குள் திரும்பலாம். காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் அற்றது. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்க வல்லது. வெளிநாட்டிலுள்ள உறவினர்களின் வீட்டில் அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி இருக்கின்றதா என்று அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது கேட்டுக் கொள்வது நல்லது.

ஆய்வாளர்கள் கண்டது

1970களின் எண்ணெய் நெருக்கடிக்கு முன்னர் வீடுகளின் சக்தி இழப்பை அளப்பதில் எவருக்கும் பெரிய அக்கறை இருக்கவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபர்ட் சோகோலோவும் அவரது குழுவினரும், நியூ ஜேர்சி மாநிலத்தின் ட்வின் ரிவர்ஸ் என்ற குடியிருப்பில் 1972 முதல் பல வருடங்கள் வீடுகளை அளந்தனர். பரணின் ஊடாக வெளியேறும் வெப்பம், ஏட்டுக் கணக்கு கூறியதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. வெப்பக் காவலி விரிக்கப்பட்டிருந்த போதிலும் சுவர்களின் உட்புற இடைவெளிகளினூடாகவும் குழாய்களைச் சுற்றிய துவாரங்களினூடாகவும் காற்று அக்காவலியைத் தவிர்த்துக் கொண்டு மேலேறிச் சென்றமையே அதற்குக் காரணம்.

அதே ஆய்வில் வெளிவந்த இன்னொரு உண்மை சிந்தனைக்குரியது. ஒரே வரைபடத்தில், ஒரே காலத்தில், ஒரே பொருட்களால் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்குக்கு மேல் எரிபொருளைப் பயன்படுத்தியது. குடியிருப்போர் மாறிய வீடுகளில் பாவனையின் அளவும் மாறியது. கட்டடம் மட்டுமன்றி அதில் வாழ்வோரின் பழக்கமும் பட்டியலை எழுதுகின்றது என்பதே இதன் பொருள்.

காற்றுக்குழாய்களின் பங்கு 1980களின் இறுதியிலேயே தெளிவாகியது. புளோரிடா சூரிய சக்தி நிலையத்தின் ஜேம்ஸ் கமிங்ஸும் ஜோன் டூலி என்பவரும் வீடுகளில் விசிறி நிற்கும் போதும் ஓடும் போதும் வெளிக்காற்று எவ்வளவு உட்புகுகின்றது என்பதை அளந்தனர். விசிறி ஓடத் தொடங்கியதும் அது பெருமளவில் அதிகரித்தது. அவர்களது அடுத்த கட்ட ஆய்வில் குழாய்க் கசிவுகளை அடைத்த வீடுகளில் குளிரூட்டலுக்கான மின்சாரம் சராசரியாக ஆறில் ஒரு பங்கு அளவில் குறைந்தது. புளோரிடா எமது நாட்டைப் போன்றே வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த பிரதேசமாகும். ஆகவே இக்கண்டுபிடிப்பு குளிர் நாட்டுச் சங்கதி என ஒதுக்கிவிடத் தக்கதல்ல.

அளப்பது எவ்வாறு?

கசிவைக் கண்டறியும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. சுவீடனில் 1970களில் பயன்பட்ட ஒரு முறையே பின்னர் அமெரிக்காவில் வளர்ச்சி கண்டது. வீட்டின் வாசற்கதவு இருக்குமிடத்தில் ஒரு விசிறியைப் பொருத்தி, ஏனைய கதவுகளையும் சாளரங்களையும் மூடி, உள்ளேயுள்ள காற்றை வெளியே தள்ளுவார்கள். வெளியமுக்கத்தைவிட உள்ளமுக்கம் 50 பஸ்கால் குறையும் வரை விசிறியின் வேகம் கூட்டப்படும். 5 மில்லிமீற்றர் உயர நீர் தரும் அமுக்கமே 50 பஸ்கால். அந்த அமுக்கத்தைத் தொடர்ந்து பேண விசிறி எவ்வளவு காற்றை வெளியேற்ற வேண்டியுள்ளதோ, அவ்வளவு காற்று வீட்டின் இடுக்குகளினூடாக உள்ளே நுழைகின்றது என்பது கணக்கு.

காற்றுக்குழாய்களுக்கும் இதே முறைதான். அறைகளில் உள்ள காற்று வாய்கள் அனைத்தும் ஒட்டி மூடப்படும். ஒரு சிறிய விசிறி குழாய்த் தொகுதிக்குள் காற்றைச் செலுத்தி 25 பஸ்கால் அமுக்கத்தைப் பேணும். குழாய்களில் ஓட்டையே இல்லையெனில் விசிறி ஏறத்தாழச் சும்மா இருக்கலாம். விசிறி உழைக்கும் அளவே கசிவின் அளவு.

இங்கு ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டிற்குள்ளேயே கசியும் காற்று முழு இழப்பன்று. ஸ்காபரோ வீட்டில் நிகழ்ந்தது போல் அது தவறான அறைக்குச் சென்றாலும் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. பரணுக்குள் கசிவதோ முற்றான இழப்பு. இவ்விரண்டையும் பிரித்தறிய, வாசல் விசிறியால் வீட்டையும் அதே 25 பஸ்கால் அமுக்கத்துக்குக் கொண்டு வருவார்கள். அப்போது குழாய்க்கும் அறைக்கும் இடையே அமுக்க வேறுபாடு இல்லாமற் போவதால், வீட்டிற்கு வெளியே கசியும் காற்று மட்டுமே மானியில் தெரியும்.

அளவைத் தெரிந்துகொண்ட பின் இடத்தைக் காண வேண்டும். மெல்லிய புகையை மூட்டுகளின் அருகே பிடித்தால் அது ஊதப்படுவதோ உறிஞ்சப்படுவதோ தெரிந்துவிடும். மூட்டைச் சுற்றிப் படிந்த கரும் தூசியும் ஒரு தடயமாகும். விசிறிக்கு அருகில் அமுக்கம் அதிகமென்பதால், அங்குள்ள சிறு ஓட்டை தொலைவிலுள்ள பெரிய ஓட்டையைவிட அதிகம் கசியவிடும். ஆகவே அனுபவமுள்ளவர் விசிறிப் பெட்டியை ஒட்டிய மூட்டுகளில் இருந்தே வேலையைத் தொடங்குவார்.

அடைக்கும் பொருளிலும் ஒரு பாடம் உண்டு. ‘டக்ட் டேப்’ என்ற சாம்பல்நிற ஒட்டுத்துணியை அறியாதவர் இல்லை. காற்றுக்குழாயின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. ஆனால் கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மக்ஸ் ஷேர்மனும் இயன் வோக்கரும் 1998இல் பல வகை அடைப்புப் பொருட்களை வெப்பத்துக்கும் குளிருக்கும் மாறி மாறி உட்படுத்திச் சோதித்தபோது, காற்றுக்குழாய் மூட்டுகளில் நிலைக்காமல் கழன்றது அந்த ஒட்டுத்துணியே. கலிபோர்னியாவின் கட்டட விதிகள் அதனைத் தனித்துப் பயன்படுத்த அனுமதிப்பதில்லை. தூரிகையால் பூசப்படும் தடித்த அடைப்புப் பசையும், இடைவெளி பெரிதாயின் அதன்கீழ் இழைவலையுமே நீண்டகாலம் நிலைப்பவை. அதே ஆய்வுகூடத்தில் மார்க் மொடேரா என்பவர் 1990களில் வேறொரு முறையை உருவாக்கினார். பசையை நுண்துகள்களாக்கிக் குழாய்க்குள் ஊதும்போது, காற்று வெளியேறும் ஓட்டைகளின் விளிம்பில் அத்துகள்கள் படிந்து உள்ளிருந்தே அடைத்து விடுகின்றன. கை எட்டாத மூட்டுகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

இத்தகைய ஆய்வுகளின் பயனாக 2005ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவின் பல காலநிலை வலயங்களில், பழைய உலையையோ குளிரூட்டியையோ மாற்றுபவர் குழாய்க் கசிவையும் அளந்து அடைக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. புதிய இயந்திரத்தை ஓட்டைக் குழாயில் பொருத்தும் வீண்செலவை அரசே தடுத்தது எனலாம்.

எமது வீடுகளில் கசிவு எங்கே?

எமது பழைய வீடுகள் காற்றை அடைத்து வைப்பதற்காகக் கட்டப்பட்டவையல்ல. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றமும் உயர்ந்த ஓட்டுக் கூரையும், கிடுகு வேய்ந்த வீட்டின் தாழ்ந்த தாழ்வாரமும், கதவுகளுக்கும் சாளரங்களுக்கும் மேலே வைக்கப்பட்ட காற்றுத் துளைகளும் வெப்பக் காற்றை வெளியேற விடுவதற்கானவை. அந்த அமைப்பில் குறை காண்பதற்கில்லை. அதே வீட்டின் ஓர் அறையில் வளிச்சீராக்கியைப் பொருத்தும் போதே பிரச்சினை தொடங்குகின்றது. காற்றோட்டத்துக்காக வைத்த துளைகள் அப்படியே திறந்திருக்க, கதவின் கீழ் இரு விரல் இடைவெளியிருக்க, ஓட்டுக்கும் அறைக்கும் இடையே உட்கூரை இல்லாதிருக்க, இயந்திரம் இரவு முழுவதும் ஓய்வின்றி ஓடுகின்றது. அறை குளிரவில்லை என்று மேலும் பெரிய இயந்திரம் வாங்கப்படுகின்றது. ஸ்காபரோவில் விற்க முயன்ற பெரிய உலையின் கதைதான் இதுவும்.

இங்கு வாசல் விசிறி கிடைக்காது. ஊதுபத்தி கிடைக்கும். வளிச்சீராக்கி ஓடும்போது ஏற்றிய ஊதுபத்தியைக் கதவிடுக்கு, சாளர விளிம்பு, சுவரில் குழாய் நுழையும் துவாரம் ஆகியவற்றின் அருகே, திரைச்சீலைகளிலிருந்து விலக்கிப் பிடித்துப் பாருங்கள். புகை நேராக எழாமல் சாய்ந்தால் அங்கு கசிவு உண்டு. குளிரூட்டும் அறைக்குரிய துளைகளை மட்டும் அடைத்தாற் போதும். ஏனைய அறைகளில் அவை இருந்தேயாக வேண்டும். அடைத்த அறையிலும் பகலில் சாளரங்களைத் திறந்து புதிய காற்றை உள்ளே விடுவது அவசியமாகும்.

வளிச்சீராக்கி இல்லாத வீடுகளே எமது பிரதேசங்களில் அதிகம். அங்கும் கசிவுகள் உண்டு. அவற்றைக் காண்பதற்கான மிகச் சிறந்த கருவி ஏற்கெனவே சுவரில் தொங்குகின்றது. அதுவே மின்மானி. வீட்டிலுள்ள எல்லா மின்சாதனங்களையும், குளிர்சாதனப் பெட்டி உட்பட, ஆளியில் நிறுத்திவிட்டு மானியைப் பாருங்கள். பழைய மானியின் தட்டுச் சுழல்வதும் புதிய மானியின் சிறு விளக்கு மினுங்குவதும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையெனில் ஏதோவொன்று மின்சாரத்தை எடுத்துக் கொண்டிருக்கின்றது. அது மறந்துபோன ஒரு சாதனமாக இருக்கலாம். பழுதடைந்த மின்கம்பியாகவும் இருக்கலாம். பின்னையதாயின் செலவோடு உயிராபத்தும் சேர்ந்தது. அதனைத் தாமாகத் தேடாமல் தகுதி பெற்ற மின்னியலாளரை அழைப்பதே முறை.

அடுத்து, குளிர்சாதனப் பெட்டி. இரவு முழுவதும் அது மட்டும் ஓடுமாறு விட்டு, படுக்கைக்குச் செல்லும்போதும் எழுந்தவுடனும் மானியின் எண்ணைக் குறித்துக் கொள்ளலாம். 8 மணிநேரத்தில் 0.4 அலகு செலவானால் நாளொன்றுக்கு 1.2 அலகும் மாதமொன்றுக்கு 36 அலகும் ஆகும். பகலில் கதவு திறக்கப்படுவதால் உண்மைச் செலவு இதைவிடக் கூடுமேயன்றிக் குறையாது. ஒரு கடதாசித் தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வழுக்கி வந்தால் கதவின் றப்பர் பட்டி தளர்ந்துவிட்டது. புதிய பெட்டியின் விலையோடு ஒப்பிடுகையில் புதிய பட்டியின் விலை அற்பமானது. பெட்டியின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே ஒரு கையளவு இடைவெளி விடுவதற்கோ எந்தச் செலவும் இல்லை.

தொலைவியக்கியால் மட்டும் நிறுத்தப்பட்ட தொலைக்காட்சி, செய்மதிப் பெட்டி, இணையக் கருவி போன்றவை உறங்குவதாகத் தோன்றினாலும் சிறிதளவு மின்சாரத்தைத் தொடர்ந்து பெறுகின்றன. இவை யாவும் சேர்ந்து 25 வாற் எடுப்பதாகக் கொண்டால், நாள் முழுவதும் 30 நாட்களுக்கு 18 அலகுகள் செலவாகும். கிணற்று நீரை மேல்தாங்கிக்கு ஏற்றும் அரைக் குதிரைவலுப் பம்பி நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 15 அலகுகள். கிணற்றுள் இருக்கும் அடிவால்வு பழுதடைந்தோ தாங்கி நிரம்பி வழிந்தோ அந்த ஒரு மணிநேரம் இரண்டாகும் வீடுகள் எத்தனையோ.

இந்தச் சிறு எண்கள் ஏன் முக்கியம்? எமது நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் உயர்ந்த விலை அந்த மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகிலிருந்தே பொருந்தும் விதமாகவே அண்மைய வருடங்களின் கட்டண அட்டவணைகள் அமைந்துள்ளன. 70 அலகு பாவிக்கும் ஏழைக் குடும்பமொன்று 12 அலகு கசிவை நிறுத்தினால், அக்குடும்பம் மீதப்படுத்துவது 12 அலகின் விலையை மட்டுமல்ல. அந்த வேறுபாடு பிள்ளையின் பாடசாலைக் கொப்பிகளாகவோ ஒரு வாரத்துக்கான மரக்கறியாகவோ இருக்கக் கூடும்.

கூரை தனியே சொல்லப்பட வேண்டியது. போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகளில் பல, தகரத்தையோ அஸ்பெஸ்டோஸ் தகட்டையோ தலையில் சுமந்து நிற்கின்றன. நெருக்கமான கிழக்கிலங்கை நகரங்களில், குறிப்பாகக் காத்தான்குடியிலும் கல்முனையிலும், கொங்கிறீற் தட்டுக் கூரைகள் பெருகியுள்ளன. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கொங்கிறீற் நள்ளிரவு வரை அவ்வெப்பத்தை அறைக்குள் இறக்கிக் கொண்டிருக்கும். அதன்கீழ் எத்தனை மின்விசிறிகள் சுழன்றாலும் அவை அந்த வெப்பத்தையே கலக்கிவிடுகின்றன. கூரையின் மேற்புறத்துக்கு வெண்ணிறப் பூச்சு இடுவதும், தகரக் கூரையின் கீழ் காற்றிடைவெளி விட்டு உட்கூரை அமைப்பதும், மேற்கு வெயிலை மறைக்க ஒரு மரம் நடுவதும் எந்த இயந்திரத்தையும்விட மலிவான குளிரூட்டிகளாகும். ஆனால் அஸ்பெஸ்டோஸ் தகட்டைத் துளையிடுவதும் சுரண்டுவதும் உடல்நலத்துக்குக் கேடானவை என்பதை மறத்தலாகாது.

செய்ய வேண்டியவை

தனிமனிதரின் முயற்சியோடு இது முடிந்துவிடக் கூடியதல்ல. நிலைபெறுதகு வலு அதிகார சபை 2007இல் உருவாக்கப்பட்ட போது சக்திச் சேமிப்பும் அதன் கடமைகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. தொழிற்சாலைகளிலும் பெரிய கட்டடங்களிலும் நடைபெறும் சக்திக் கணக்காய்வு சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கும் வர வேண்டும். தொழில்நுட்பக் கல்லூரிகளில் பயிலும் எமது இளைஞர்களுக்கு இத்துறையில் ஒரு சில வாரப் பயிற்சி போதுமானது. சாதனங்கள் எடுக்கும் மின்சாரத்தைக் காட்டும் சிறு மானிகள் அதிக விலையுடையவை அல்ல. பொது நூலகங்கள் புத்தகங்களை இரவல் தருவது போல் அவற்றையும் இரவல் தரலாம். பிரதேச சபைகளும் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களும் இதனைத் தொடக்கி வைக்க முன்வர வேண்டும்.

மண்டபங்களையும் வணிக நிலையங்களையும் நடத்துவோர், மத்திய வளிச்சீராக்கித் தொகுதியின் காற்றுக்குழாய்களை இறுதியாக எப்போது பரிசோதித்தோம் என்று தம்மைத் தாமே கேட்டுக் கொள்வது நன்று. கோயில் மண்டபமாயினும் பள்ளிவாசலாயினும் அங்கு செலுத்தப்படும் கட்டணம் பொதுமக்களின் காணிக்கையிலிருந்தும் நன்கொடையிலிருந்தும் வருவதே. அதன் கசிவுக்கு நிர்வாகத்தினர் பொறுப்புக் கூற வேண்டியவர்கள்.

முதலில் அளத்தல், அடுத்து அடைத்தல், அதன் பின்னரே வாங்குதல் என்ற ஒழுங்கே இந்த ஆய்வுகள் அனைத்தும் தரும் பாடம். நாமோ பெரும்பாலும் வாங்குவதிலிருந்து தொடங்குகின்றோம். கடன்பட்டு வாங்கிய இயந்திரமும் பழைய ஓட்டையிலேயே காற்றைக் கொட்டுகின்றது. அடுத்த பட்டியல் வருவதற்கு முன்னர் ஓர் இரவு, ஒரு துண்டுக் கடதாசியுடனும் ஓர் ஊதுபத்தியுடனும் மானியின் எண்ணைக் குறித்த ஒரு கொப்பியுடனும் வீட்டை ஒருமுறை சுற்றிவர எவராலும் முடியும். கட்டணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் எமது கையில் இல்லை. கசிவை அடைப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை.